கதைக்க ஒரு மேசை

தம்பி லண்டனிலிருந்து வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் போனில் ஒரு கட்டளை வந்தது. "அக்கா, கொழும்பில மூண்டு நாள் நிப்பம். நல்ல பேரெடுத்த சாப்பாட்டுக் கடையளாப் பாத்து வையுங்கோ. எல்லாத் தரத்திலயும் வேணும். பெரிசு ஒண்டு, நடுத்தரம் ஒண்டு, ரோட்டுக் கடை ஒண்டு. ரிவியூ நல்லா இருக்கோணும்." கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்று. என்னோடு வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவோம் என்று அதில் எங்கேயும் இல்லை.

வேறொரு நேரமென்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தச் செய்தி வருவதற்கு நாலு நாள் முன்புதான் புரோக்கர் ஒருவர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் வீடு என்று சொல்வது வாய்ப்பழக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிற இரண்டு அறை ஃபிளாட் அது. தம்பி லண்டனில் உழைத்து வாங்கியது. உறுதிப் பத்திரம் அவன் பேரில். அம்மாவும் நானும் இருபது வருஷம் அதில் இருந்தோம். அம்மா போன பிறகு இந்த இரண்டு வருஷமும் நான் மட்டும்தான்.

புரோக்கருக்குப் பின்னால் ஓர் இளஞ்சோடி நின்றது. "லண்டன் ஐயா சொன்னவர். சும்மா ஒருக்காப் பாக்கத்தான்" என்றார். அந்தப் பெண் நேரே குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்று பார்த்தாள். புருஷன் சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று பழகிப்போன கை. என்னைக் கிளப்ப வந்தவர்களிடம் சீனி காணுமா என்று வேறு கேட்டேன். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, இந்த வீட்டை விக்கப் போறியோ?" ஐந்தே ஐந்து சொல். போனில் எத்தனையோ தடவை தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. அவன் பனியைப் பற்றிச் சொல்வான், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்வான், நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். வந்தபிறகு வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றால், அவன் வாங்கிக் கொடுத்த கதிரையில் இருந்துகொண்டு, அவனுடைய ஃபேனின் கீழ், எந்த வாயால் கேட்பது? அதோடு அவர்கள் வழக்கம்போல ஹோட்டலில்தான் தங்குவார்கள். தம்பியின் மனைவிக்கு ஏசி இல்லாமல் நித்திரை வராது. வீட்டுக்கு வந்தால் பத்து நிமிஷம் நின்று அம்மாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆகவே அவன் கேட்ட கடைகளில் ஒன்றில் வைத்துக் கேட்பதென்று முடிவெடுத்தேன். வெளியிடமென்றால் அவனும் குரலை உயர்த்த மாட்டான், நானும் அழ மாட்டேன். அந்த முடிவோடுதான் ஐம்பத்தொன்பது வயதில் கொழும்பு முழுக்கச் சாப்பாட்டுக் கடை பார்க்க வெளிக்கிட்டேன்.

அவன் கேட்டது நட்சத்திரம். நான் தேடியது வேறு. சாய்ந்து இருக்கக்கூடிய கதிரை இருக்கிறதா, பாட்டுப் போடுகிறார்களா, தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடுகிறதா, பக்கத்து மேசை எத்தனை அடி தள்ளி இருக்கிறது, பரிமாறுகிறவர் தலைமாட்டிலேயே நிற்பாரா. வெளிச்சம் காணுமா என்றும் பார்த்தேன். கேட்கிற நேரத்தில் அவன் முகம் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு கடையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சும்மா நிற்பதைக் கண்ட மனேஜர், சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துக் குசினியைக் கழுவச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்தது வெள்ளவத்தையிலேயே இருந்த ஒரு பழைய சைவக் கடை. மேல் மாடியில் ஆறு மேசை, ஃபேன் சத்தம் மட்டும். மத்தியானம் தாண்டினால் பேப்பர் வாசிக்கிற ஒரு பெரியவரைத் தவிர வேறு யாருமில்லை. சாம்பாரும் மோசமில்லை. தம்பிக்கு எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "அக்கா, இதுக்கு மூண்டு ஸ்டார்தான் கிடக்கு. ஒராள் கைகழுவிற இடம் சரியில்லை எண்டு எழுதியிருக்கிறார்." எந்தப் பாவி தன் கையைக் கழுவப் போய் என் காரியத்தைக் கெடுத்தானோ.

பிறகு மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னத் தோசைக் கடைக்கு நல்ல பேர். முதலாளியம்மா மலையகத்துக்காரி. எந்த நேரம் சனம் குறைவு என்று கேட்டேன். "மூணு மணிக்கு வாங்கம்மா, ஈ கூட இருக்காது. நீங்க பாட்டுக்கு உக்காந்து பேசிக்கிட்டு இருங்க" என்றார். கதைக்க வருகிறேன் என்று என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலும். அந்த மனுஷியைக் கும்பிடலாம் போலிருந்தது.

தம்பியும் மனைவியும் மட்டும் வந்து இறங்கினார்கள்; பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். புதன்கிழமை மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனை என்று நான் சொல்ல, அவன் போனைத் தடவிவிட்டு, "இல்லை அக்கா, அந்தக் கடையில ஃபேமஸ் நெய்த் தோசைதான். அது ஆறு மணிக்குப் பிறகுதான் போடுவினமாம்" என்றான். "அப்ப ஆறு மணிக்குப் போவம். உங்களுக்கு ஓகேதானே?" என்று அவன் மனைவி கேட்டாள். "எனக்கென்ன, எந்த நேரமெண்டாலும் சரி" என்றேன். சொல்லி வாய் மூடமுன்னமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் போனால் கடை வாசலில் தேர்த் திருவிழா. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் அந்தத் தோசையைத் தின்று வீடியோ போட்டிருந்தானாம். முக்கால் மணித்தியாலம் நின்று இடம் பிடித்தோம். நெய்த் தோசை உண்மையாகவே நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொழும்பில் சனம் கூடிய கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆட்கள் வந்து உங்கள் கதிரைக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். கதிரையின் முதுகில் கை வைத்துக்கொண்டு, உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் எத்தனை வாய் மிச்சம் என்று எண்ணுவார்கள். என் கதிரைக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. அந்தத் தாய் தன் பிள்ளைக்கு, "இந்த அம்மா முடிக்கப் போறா, கொஞ்சம் பொறு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் முன்னால் வீட்டை விற்கிறாயா என்று எப்படிக் கேட்பது? கடைசித் துண்டை அப்படியே விழுங்கிவிட்டு எழும்பினேன். தம்பி வெளியில் வந்து நின்று, "சூப்பர் அக்கா, நல்ல செலக்ஷன்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வியாழக்கிழமை நடுத்தரக் கடை. யாழ்ப்பாணச் சாப்பாடு என்று பெயர் போட்டு, ஓலைத் தட்டியும் அரிக்கன் லாம்பும் தொங்கவிட்டு, வெள்ளவத்தைக்காரரிடமே யாழ்ப்பாணத்தை விற்கிற இடம். சீருடை போட்ட ஒருவர் வந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற எங்கள் ஒடியல் கூழ் என்றால் என்ன என்று எனக்கே விளங்கப்படுத்தினார். முதலில் கூழைக் கலக்க வேண்டுமாம், பிறகு மணக்க வேண்டுமாம். தம்பி அதையும் வீடியோ எடுத்தான். பொறுத்துக்கொண்டேன். மேசை நல்ல மேசை, மூலையில் இருந்தது, பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. கூழ் வந்து இரண்டு வாய் குடித்ததும், கரண்டியை வைத்துவிட்டு, "தம்பி, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன். அவன் முகம் சட்டென்று மாறியது. அவனும் கரண்டியை வைத்தான். "ஓம் அக்கா, நானும் ஒண்டு" என்றான்.

அந்த நேரம் பார்த்து, "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறீங்கள்?" என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டு ஒரு அன்ரி வந்து நின்றார். எங்கள் ஃபிளாட்டில் முன்னொரு காலம் இரண்டாம் மாடியில் இருந்தவர். வெளிநாட்டுச் சனம் வருகிற சீசனில் வெள்ளவத்தையில் தெரிந்த முகத்துக்குத் தப்பி ஒரு வாய் சாப்பிட ஏலாது என்பது எனக்குத் தெரியும்தான். இந்த அன்ரி பத்து வருஷமாக எங்கே இருந்தாரோ, இன்றைக்கென்று முளைத்தார். "தனியச் சாப்பிட வந்தனான், உங்களோட இருக்கட்டோ?" என்றார். தம்பியின் மனைவி உடனே எழும்பிக் கதிரையை இழுத்து விட்டாள். அதில் அவ்வளவு அவசரம் ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அன்ரி முழுக் கூழும் குடித்து, தன் மூன்று பிள்ளைகளின் வேலையையும் மருமக்களின் குறைகளையும் சொல்லி முடிக்கக் கடையும் பூட்டுகிற நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டு அந்த மனுஷியைத் திட்டினேன். தனியாக இருப்பதில் அந்த ஒரு வசதி உண்டு.

இனி மிச்சமிருந்தது பெரிய கடை. கோட்டைப் பக்கம், கடலைப் பார்த்தபடி. நண்டுக்குப் பேர்போனது. அதற்கு மட்டும் தம்பியின் மனைவி தானே லண்டனிலிருந்து இணையத்தில் இடம் பிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரவுதான் கிடைத்ததாம். வெள்ளிக்கிழமை நான் மீன் இறைச்சி தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான், தம்பிக்கும் தெரியும். ஆனால் இடம் பிடிக்க முன் அவள் என்னைப் போனில் கேட்டபோது, "எந்த நாளெண்டாலும் எனக்குச் சரி" என்று சொன்னதும் நான்தான். என் வாய்க்கு வேறு பதில் தெரியாது.

போய் இருந்ததும் எங்கள் மூன்று பேரின் கழுத்திலும் பிளாஸ்டிக் துணி கட்டினார்கள். நண்டை உடைக்கக் குறடு தந்தார்கள். நான் பருப்புக் கறியும் வெள்ளைச் சோறும் கேட்டேன். அப்போதுதான் தம்பியின் மனைவி தலையில் கை வைத்தாள். "ஐயோ மச்சாள், இண்டைக்கு வெள்ளியெல்லே! ஏன் சொல்லேல்லை?" நான் சிரித்தேன். பருப்பு வந்தது. எங்கள் ஒழுங்கைச் சாப்பாட்டுக் கடையில் சும்மா ஊற்றுகிற பருப்பு, இங்கே நடுவில் ஓர் இலையைக் குத்திக்கொண்டு வந்திருந்தது. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அதைச் சாப்பிட்டேன். எதிரில் இரண்டு பேரும் நண்டுக் காலை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எதைக் கேட்பது? முடியட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த நாள் காலை அவர்கள் யாழ்ப்பாண ரயிலில் போய்விடுவார்கள். இதை விட்டால் வேறு மேசை இல்லை.

ஒருவழியாகக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கை கழுவ எலுமிச்சைத் தண்ணீர் வந்தது. கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. நான் இரண்டு கையையும் மேசையில் வைத்து, "தம்பி" என்றேன்.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். இரண்டு பையன்கள் தட்டையான பெரிய வெள்ளைக் கோப்பையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள். நடுவில் கேக், அதில் ஒரு மெழுகுதிரி. கோப்பையின் விளிம்பில் சாக்லேட்டால் வளைத்து வளைத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: ஃபெயர்வெல் அக்கா. பக்கத்து மேசை வெள்ளைக்காரரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

போகிறவர்கள் அவர்கள், எனக்கு எதற்குப் பிரியாவிடை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தம்பியின் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "புக் பண்ணேக்க என்ன விசேஷம் எண்டு ஒரு கட்டம் இருந்தது மச்சாள். நான் சும்மா எழுதினனான். இப்பிடிக் கொண்டுவருவினம் எண்டு தெரியாது" என்றாள்.

"நான் எங்க போறன்?" என்று கேட்டேன்.

தம்பி கழுத்துத் துணியை அவிழ்த்துக் கீழே வைத்தான். "மூண்டு நாளா எங்க வைச்சுச் சொல்லுறதெண்டு தேடிக்கொண்டு திரியிறன் அக்கா" என்றான். "நேற்றுச் சொல்ல வெளிக்கிட அன்ரி வந்திட்டா. யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டு மேல் மாடியைத் திருத்திப்போட்டன். உங்களுக்குத்தான். பாத்ரூம் அறைக்குள்ளேயே கிடக்கு. கோயில் ரெண்டு நிமிஷ நடை. நீங்கள் கொழும்பை விட்டுப் போக முன்னம் இஞ்ச இருக்கிற நல்ல கடையெல்லாம் ஒருக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைக்கோணும் எண்டு ஆசைப்பட்டன். நீங்கள் ஒரு நாளும் வெளியில போய் நல்லாச் சாப்பிட்டிருக்க மாட்டீங்கள்."

நேற்று அவன் மனைவி அன்ரிக்கு அவ்வளவு அவசரமாகக் கதிரை இழுத்து விட்டது இந்தக் கதையைத் தள்ளிப்போடத்தான். எல்லாத் தரத்திலும் கடை தேடச் சொன்னது அவனுக்காக இல்லை, எனக்காக. நானே ஓடி ஓடி என் பிரியாவிடைக்கு இடம் பார்த்திருக்கிறேன்.

"ஆர் உன்னட்டை யாழ்ப்பாணம் போறன் எண்டு சொன்னது?"

அவன் உண்மையாகவே திகைத்துப்போனான். "நீங்கள்தான் அக்கா. அம்மான்ர முப்பத்தோராம் நாள், எல்லாரும் இருக்கேக்க சொன்னீங்கள். 'இனி எனக்கென்ன கிடக்கு, ஊரில ஒரு கோயிலடியில போய்க் கிடக்கலாம்' எண்டு."

சொன்னேன்தான். சத்தியமாகச் சொன்னேன். அம்மாவின் படத்துக்கு முன்னால் சமையலெல்லாம் படைத்து முடித்து, சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டு இருந்தபோது சொன்னேன். எங்கள் ஆட்கள் யார்தான் அப்படிச் சொல்லாதவர்? பெருமூச்சு விடுகிற மாதிரி வருகிற கதை அது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உடனே, "விசர்க் கதை கதைக்காதேங்கோ, பேசாமல் இஞ்ச இருங்கோ" என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. எல்லோருக்கும் தெரிந்த முறை. அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், தம்பியைத் தவிர. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முப்பது வருஷம் லண்டனில் இருந்தவன், அங்கே ஒருவர் ஒன்று வேண்டும் என்றால் வேண்டும்தான். அக்கா கேட்டாள் என்று மனதில் குறித்துக்கொண்டு போய், இரண்டு வருஷமாகக் கல்லும் சீமெந்தும் வாங்கியிருக்கிறான்.

"இஞ்சத்த வீடு?" என்றேன்.

"போன மாசம் அக்ரிமென்ட் எழுதியாச்சு. மூண்டு மாசத்தில குடுக்கோணும்."

மெழுகுதிரி உருகிக் கேக்கில் வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபம் யார் மேல் என்றே பிடிபடவில்லை. அவன் மேல் வைத்தால் அவன் நான் சொன்னதைத்தானே செய்தான். இருந்தாலும் அவன் மேலும் கோபம்தான்.

"எனக்கு யாழ்ப்பாணம் போக விருப்பமில்லை" என்றேன். குரல் கொஞ்சம் கூடிப்போய் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "ஒரு நாளும் விருப்பம் இருந்ததில்லை. எனக்கு ரியூஷனுக்கு எட்டுப் பிள்ளையள் வருகுது. களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கில என்னைத் தெரியும். பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கடற்கரைக் கல்லில இருந்தால், பக்கத்தில வந்து இருந்து கதைக்க நாலு பேர் இருக்கினம். எனக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம்."

தம்பியின் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஏன் அக்கா அண்டைக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?"

"வேண்டாம் அக்கா, இஞ்சயே இருங்கோ எண்டு நீ சொல்லுவாய் எண்டுதான்."

அவன் மனைவி மெல்ல எழும்பி வந்து என் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து விட்டாள். அது இன்னும் என் கழுத்தில் கிடந்தது எனக்குத் தெரியாது.

காலையில் ரயில் ஏற முதல் தம்பி இரண்டு சட்டத்தரணிகளுக்குப் போன் எடுத்தான். எழுதினது எழுதினதுதான் என்றார்களாம். வாங்குகிறவர்களும் கலியாணம் முடித்த புதிது, வீடில்லாமல் நிற்கிறவர்கள். அந்தப் பெண் என் குசினிக் குழாயைத் திறந்து பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது. விடு என்றேன். "நான் நல்ல அறையாப் பாத்து லிங்க் அனுப்பிறன் அக்கா" என்றான். "நீ ஒண்டும் பாக்க வேண்டாம். நான் பாக்கிறன்" என்றேன்.

அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, அறை வாடகைக்கு என்று எழுதித் தொங்கிய ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா கீழ் அறையைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. சமைக்கிற மூலையில் சுவர் கறுத்துக் கிடந்தது. "நீங்கள் ஒராள்தானே, இது காணும்தானே?" என்று கேட்டார்.

எனக்கென்ன, ஒரு மூலை கிடைத்தால் காணும் என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"காணாது" என்றேன். "பிள்ளையள் எட்டுப் பேர் இருந்து படிக்க இடம் வேணும். குசினிக்கு ஜன்னல் வேணும். வேற அறை இருக்கோ?"

"மேல ஒண்டு கிடக்கு. ஆனால் வாடகை கூட."

"காட்டுங்கோ" என்றேன்.